மாமாவின் இங்கிலீஷும் ஒரு டஜன் பனியனும்

என் மாமாவின் இங்கிலீஷ் மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அவருடைய பனியன் கம்பெனியிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிற கடிதமெல்லாம் அவரே எழுதுவதுதான். தாராபுரம் சந்தையில் பழைய பேப்பர்காரனிடம் வாங்கிய, அட்டை கிழிந்த மாதிரிக் கடிதப் புத்தகம் ஒன்றுதான் அவருக்கு வாத்தியார். வெள்ளைக்காரனின் பாட்டன் காலத்துப் புத்தகம் அது.

அவரிடம் கேட்டு எழுதிய கட்டுரைக்கு எட்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததென்னவோ சிவப்பு மை. 'காட்டு' என்பதற்கு 'ஷோ' (show) என்று வருகிற இடமெல்லாம் 'ஓ' போடாமல் 'ஈ' போட்டு shew என்று எழுதியிருந்தேன். மாமாவின் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை விசிறி எறிந்து, "உங்களுக்கு இங்கிலீஷே தெரியாதுங்க மாமா!" என்று கத்திவிட்டேன். மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் சலவை வேட்டி கட்டி, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். வெறுங்கையோடு ஒருத்தரைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பழம் வாங்கியிருக்கலாம் அல்லவா? கம்பெனிக்காரராயிற்றே! ஒரு டஜன் ஆம்பளை பனியனைக் கட்டி எடுத்துவந்து எங்கள் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி முன்னால் வைத்தார். ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அவர் அயர்லாந்துக்காரர், எங்களுக்கு 'மதர்'. பொட்டலத்தைப் பிரித்தவர் முகம் சிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தோட்டக்காரருக்கு மிகவும் உதவும்" என்றார், தன் புத்தகத் தமிழில்.

"ஏனுங்க மதர், இது தப்புங்களா? புள்ள என்னைய நம்பி எழுதிப்போட்டுதுங்க." மாமா புத்தகத்தை நீட்டினார்.

மதர் அதை நிதானமாகப் புரட்டினார். பிறகு தன் ஜெபப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதிலும் அதே 'ஈ'! "இது பழைய எழுத்து. தவறில்லை. என் ஊர்ப் பெயரைக்கூட நாங்கள் இன்னும் பழைய மாதிரியே எழுதுகிறோம்" என்றார்.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா அம்முணி!" என்று என் தலையைத் தட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் கேட்டைத் தாண்டியதும் நோட்டை நீட்டினேன், மார்க்கைத் திருத்துவார் என்று. மதர் திருத்தவில்லை. "இனிமேல் நீ 'ஓ' போட்டே எழுது. இப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மாமாவிடம் சொல்லாதே" என்றார். தவறில்லை என்று சொன்ன வாய், மார்க்கும் தரவில்லை, மாமாவிடம் சொல்லவும் விடவில்லை. சாமிக்கு ஜெபம் படிக்கிறவர் இப்படியா ஏமாற்றுவார் என்று, அந்த வருஷம் முழுக்க எனக்கு மதர் மேல்தான் அப்படியொரு கோபம்.