மூன்றாவது வரிசை

பம்ப் மெக்கானிக் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு வருவார், வந்த வேலையைப் பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார். ஆறு வருடம் ராணுவத்தில் இருந்தவர் என்று பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே அவர் என்ன செய்தார் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். அதுவும் முழுதாகத் தெரியாது.

ஒருநாள் காலை ஒரு வீட்டில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். உள்ளே ரேடியோவில் செய்தி ஓடியது. கண்ணிவெடி ஒழிப்பு ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கை நாடு காப்பாற்றிவிட்டதாம். கடைசி நிலமும் சுத்தமாகிவிட்டதாம். அடுத்த மாதம் உலக நாடுகளின் மாநாட்டில் அமைச்சர் அறிவிக்கப் போகிறாராம். அந்தக் கடைசி நிலம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சரிவு. முகாமில் கிடக்கும் நாற்பது குடும்பங்களுக்கு அங்கேதான் மனை.

மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"அந்தச் சரிவுக்கு ராணுவம் போட்ட வரைபடத்துல ரெண்டு வரிசைதான் இருக்கு. நாங்க மூணு வரிசை பொதைச்சோம்," என்றார் மனைவியிடம்.

"ஏன், மூணாவத எழுதலையா?"

"அரசாங்கம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு ஒரு மாசம் ஆயிருந்துச்சு. இனிமே பொதைக்கவே கூடாது. ஆனா மேலதிகாரி வாய்மொழியா சொன்னாரு, எழுத வேணாம்னாரு. இருபத்தாறு வெடி. என் கையால."

மனைவி, "போய்ச் சொன்னா உங்களையே தூக்கி உள்ள போட்டுடுவாங்களே," என்றாள்.

"போடட்டும்."

பத்தொன்பது வருடம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். வெடி அகற்றுகிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். அவர்களோ வரைபடம் காட்டிய இடம் வரைக்கும் தோண்டிவிட்டு நின்றுவிட்டார்கள்.

மாவட்ட அலுவலகத்தில் மூன்று நாள் பெஞ்சு தேய உட்கார்ந்தார். நான்காம் நாள் அதிகாரி கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்த மாசத்துல நம்ம ராணுவம் ஒரு வெடி கூடப் பொதைக்கல," என்றார்.

"நான் பொதைச்சேன் சார்."

"நீங்க பொதைக்கல. பொதைச்சீங்கன்னா நாடு சொன்ன சொல்ல மீறிடுச்சுன்னு அர்த்தம். அதை எந்த ஃபைல்ல எழுதச் சொல்றீங்க?"

"எதுலயாவது எழுதுங்க சார். ஜனங்க குடி வரப் போறாங்க."

"வயசாயிடுச்சு உங்களுக்கு. வீட்டுக்குப் போங்க."

அடுத்து ராணுவ அலுவலகத்துக்குப் போனார். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் குறித்துக்கொண்டார், ஆனால் ஒரு வரியும் வரவில்லை.

கடைசியில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு சரிவுக்கே போனார். ஞாபகத்தில் இருந்த கோட்டில் கல்லுக்குக் கல் பூசினார். அதற்குள் எட்டுக் குடும்பங்கள் வந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தன. கணவனை இழந்த ஒரு பெண், தம்பியின் துணையோடு மூலைக்கம்புக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் தோண்டாதம்மா, வெடி கெடக்கு. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"வெடி இல்லன்னு சர்டிபிகேட் குடுத்திருக்காங்கய்யா," என்றாள். "பதினோரு வருஷம் முகாம்ல கெடந்தோம். இன்னும் எங்க போகச் சொல்றீங்க?"

அவள் குழியெடுக்க நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். தம்பி தோளைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. மத்தியானம் போலீஸ் வந்தது. குடியேற வந்தவர்களை மிரட்டுகிறார் என்று புகார். ஜீப்பில் ஏற்றும்போது அவர் போட்ட கூச்சலைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். லாக்கப்பில் இருந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. காவலர், "டயர் வெடிச்சிருக்கும்," என்றார். எந்த வெடியின் சத்தம் அது என்று இவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

சாயங்காலம், வெடி அகற்றும் குழுவின் மேற்பார்வையாளரான ஒரு அம்மா பூட்ஸ் மண்ணோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ஒரு தாளை நீட்டி, "வரைங்க," என்றார். இவர் மூன்றாவது வரிசையை வரைந்து கொடுத்தார். பன்னிரண்டு நாளில் இருபத்திரண்டு எடுத்தார்கள். வெடித்தது ஒன்று. மூன்று கிடைக்கவில்லை.

"மழைத்தண்ணி கீழ இழுத்துட்டுப் போயிருக்கும்," என்றார் அந்த அம்மா. "எங்கன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

வேலி போட்டார்கள். எட்டுக் குடும்பங்களும் முகாமுக்குத் திரும்பின. அமைச்சர் மாநாட்டுக்குப் போகவில்லை. அறிவிப்பு தள்ளிப்போடப்பட்டது என்றார்கள், காரணம் சொல்லவில்லை. அறிக்கையில், 'புதைத்தவர் விவரம் தெரியவில்லை' என்று இருந்தது. இவர் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வழக்குக்கூடப் போடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜெயிலுக்குப் போயிருந்தால் தேவலை என்று மனைவியிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தப் பெண் ஜன்னல் பக்கக் கட்டிலில் இருந்தாள்.

"நீங்களா பொதைச்சீங்க?"

"ஆமாம்மா."

"பத்தொம்பது வருஷம் எங்க இருந்தீங்க?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தம்பி வந்து, "எழுந்து போய்யா," என்றான். எழுந்து வராந்தாவுக்கு வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, சரிவுக்குக் கீழே தண்ணீர் எந்தெந்தப் பக்கம் ஓடும் என்று விரலால் கோடு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.