தயிர் உறையாத ஆனி மாதம்

வைகாசியில் கல்யாணமாகிப் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு வந்தேன். ஆனியில் தயிர் உறைவதை நிறுத்திக்கொண்டது. எண்பதுகளில் ஒரு புது மருமகளுக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேறு வேண்டியதில்லை.

ராத்திரி உறை ஊற்றி மூடி வைத்தால், காலையில் பால் பாலாகவே கிடக்கும். மாமியார் கரண்டியை விட்டுக் கலக்கிவிட்டு என் கையைத்தான் பார்ப்பார். "இன்னா கையோ இது! பாலே பயந்துகினு கீது." ஒருநாள் அவரே ஊற்றிப் பார்த்தார். அதுவும் உறையவில்லை. பாத்திரத்தைக் கழுவியது நானாம்.

அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஓயாத சளி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற மனிதர், இரண்டு தும்மல் போட்டாலே மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, தானாகவே கேப்ஸ்யூல் கேட்டு வாங்கி விழுங்குவார். தும்மல் நிற்கும், வயிறு போகும். வயிறு நின்றால் தும்மல் திரும்பி வரும். மாமியார் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்.

"இவ வந்த நாளா பாலும் உறையல, எம்புள்ளயும் தேறல. ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போறவ அங்கியே இருக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் காலையில் பால்காரர் வாசலில் மாட்டைக் கட்டிக் கறக்க உட்கார்ந்ததும், செம்போடு நானே போய் நின்றேன். மாடு காலை உதறியது.

"மடி வீங்கிக்கீதும்மா. மாட்டு டாக்டரு தெனம் ஊசி போட்டுகினு கீறாரு" என்றார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. காலேஜில் தாவரவியல் படித்தபோது ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள். தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருந்தது. மருந்து வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம்.

அன்றைக்குப் பால் பூத்திலும் கொஞ்சம் வாங்கினேன். இரண்டு பாத்திரம், ஒரே உறை, ஒரே கை. காலையில் மாமியாரைக் கூப்பிட்டு வைத்துத் திறந்தேன். பூத் பால் கெட்டியாக உறைந்திருந்தது. மாட்டுப்பால் தண்ணீராக ஓடியது.

"மாட்டுக்குப் போட்ட மருந்து பால்ல வந்து உறையைக் கொன்னுடுச்சு அத்தை. உங்க புள்ள முழுங்கற கேப்ஸ்யூலும் அந்த ரகம்தான். வயித்துல இருக்கற நல்ல பூச்சியும் சேர்ந்து சாவுது."

"வயித்துல பூச்சி கீதா?" என்று மகனைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து விளக்கெண்ணெய்தான் என்று என் வீட்டுக்காரர் முகம் வெளிறியது. "இல்ல அத்தை, வயித்துலயும் ஒரு உறை இருக்கு" என்று அவசரமாக மாற்றிச் சொன்னேன். அது மாமியாருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மகன் தும்மினால் மெடிக்கல் ஷாப் பக்கம் போகவிடாமல் வாசலிலேயே மறித்தார். "உறை செத்துடும், உள்ள வா!"

தயிரில் இருப்பதுதான் வயிற்றிலும் இருக்கிறது என்று அன்று நினைத்திருந்தேன். குடலில் இருப்பது வேறு பெரிய கூட்டம் என்று பிற்பாடு படித்தேன். நாம் தின்னும் கீரைத்தண்டின் நாரை அது புளிக்கவைத்து அமிலமாக வெளியே விடுகிறது. எதை எதிர்க்க வேண்டும், எதைப் பார்த்துச் சும்மா இருக்க வேண்டும் என்று உடம்பின் காவல் படைக்குப் புரியவைப்பதில் அந்த அமிலத்துக்கும் பங்கு உண்டாம். என் வீட்டுக்காரர் சளி போனது அதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சளி தானாகவும் போகும்.

ஆடி பிறந்தது. அம்மா என்னை அழைக்க வந்தாள். புடவைகளை ஒன்றுவிடாமல் மடித்துப் பெட்டியில் வைத்தேன். மாமியார் அம்மாவுக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அழைச்சிகினு போங்க சம்மந்தி. ஆவணி பொறந்ததும் அனுப்பிடணும். இவ கை இல்லன்னா இந்த ஊட்ல தயிரு உறையாது."

கைக்கும் உறைவதற்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டத்தான் நான் இரண்டு பாத்திரம் வைத்தேன். அப்போது பெட்டியை மூடிக்கொண்டே, "ஆவணி மொத நாளே வந்துடறேன் அத்தை" என்றேன்.