ஆணியிலிருந்து இறங்கிய ரொட்டி

மாதுளையை அரை விரல் இடப்பக்கம் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள் மஸ்தூரா. பிடிக்கவில்லை. பழைய இடத்துக்கே தள்ளுகிறாள். உதிர்ந்த முத்துகளை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். படம் எடுக்கிறேனென்று காலையிலிருந்து இதே கூத்து. நான் மூன்று கிண்ணம் தேநீர் குடித்தாயிற்று. நான்காவது கேட்டால், "கெண்டி படத்துல இருக்கு, தொடாதீங்கக்கா" என்கிறாள்.

எங்கள் ஊரான மர்கிலானில் பாதிப் பேர் அவள் கட்டிக்கொடுத்த பல்லால்தான் மெல்கிறோம். பல் வைத்தியரின் பின்னறையில் உட்கார்ந்து பல் செய்பவள். வேலை விளக்கின் முன் மெல்லிய துணியைக் கட்டினால் அதுவே படத்துக்கு ஒளி. உருளும் வாதுமையை நிறுத்த, பல் அச்சுக்கான மெழுகு. கடித்த தடத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஒருமுறை அவள் தோட்டத்து முலாம்பழம் காணாமல் போனது. வேலியோரம் கிடந்த தோலைத் திருப்பிப் பார்த்தவள், "மேலே ரெண்டு நான் வச்சது, கீழே ஒண்ணு ஆடுது. எர்காஷ் அண்ணே, நாளைக்கு வந்து காட்டுங்க" என்றாள். பேருந்து ஓட்டும் எர்காஷ் மறுநாள் வந்து வாயைத் திறந்து உட்கார்ந்தார். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம், இதைத் தள்ளாதீர்கள்.

எர்காஷும் எங்கள் படக் குழுவில் ஒருவர். வசந்தம் பிறக்கும்போது, பொருள்களை அடுக்கிப் படமெடுக்கும் போட்டி வைப்போம். பிடித்த படத்தின் முன்னுள்ள கிண்ணத்தில் ஆளுக்கொரு வாதுமைக் கொட்டை. ஜெயித்தவர் முற்றத்தில் தோற்றவர்கள் புலாவ் சமைக்க வேண்டும். பதினோரு வருடமாக மஸ்தூரா எர்காஷ் வீட்டில் கேரட் நறுக்குகிறாள்.

இந்த வருடத் தலைப்பு 'விருந்து'. எல்லாம் வைத்தாயிற்று, நடுவில் மட்டும் ஒரு வட்டம் காலி. மஸ்தூரா எழுந்து போய், சுவரில் ஆணியில் தொங்கிய ரொட்டியைக் கழற்றினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடத்துக்கு முன் அவள் மகன் தில்முராத், வேலைக்கென்று தொலைதூரப் பனிநகரமான நோவோசிபிர்ஸ்க் கிளம்பிய காலையில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி. எங்கள் வழக்கப்படி, போனவர் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னும்வரை அது சுவரை விட்டு இறங்காது. வேறு யாரும் அதில் வாய் வைப்பதில்லை.

"என்னடி பண்றே?"

போனை நீட்டினாள். பனி மூடிய வீடு, மஞ்சள் முடிப் பெண், குழந்தையோடு தில்முராத். கீழே ஒரே வரி: இனிமேல் இங்கேதான் அம்மா.

"எப்போ வந்துச்சு?"

"போன வருஷம். கல்யாணத்துக்கும் சொல்லலை, பிள்ளைக்கும் சொல்லலை. வீடு வாங்கினதைச் சொல்றான்." ரொட்டியின் கடிவாயை விளக்கின் பக்கம் திருப்பினாள். "கோரைப்பல் கோணல், பாருங்க. சரி பண்ணித் தரேன்னேன். வந்து பாத்துக்கலாம்னான்."

ஒரே ஒரு படம்தான் எடுத்தாள்.

போட்டி மண்டபத்தில் அந்தப் படத்தின் முன் முதலில் நின்றவர் எர்காஷ். "ஏய், ரொட்டி இறங்கிடுச்சு! பய வந்துட்டானா மஸ்தூரா? கமுக்கமா இருந்துட்டியே!"

எங்கள் ஊரில் வேறெப்படி நினைப்பார்கள்? மஸ்தூரா வாயைத் திறப்பதற்குள் நாலு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "கண்ணு குளிர்ந்துச்சா" என்று அழுதார்கள். கொட்டைகள் மொத்தமும் அவள் கிண்ணத்தில் விழுந்தன, எர்காஷின் கொட்டையும். மாதுளை முத்துகளை ஒருவரும் பார்க்கவில்லை. உண்மை தெரிந்த நானும் என் கொட்டையைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்டாவோடு வந்துவிட்டார்கள். எர்காஷ் கையில் பூவேலை செய்த புதுத் தொப்பி. "எங்கே துரை? இன்னும் தூக்கமா? எழுப்பு, அளவு பாக்கணும்!"

மஸ்தூரா விரிப்பைப் போட்டாள். நடுவில் அந்த ரொட்டியை வைத்தாள். எல்லாரும் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் வரலைண்ணே. வரவும் மாட்டான். எண்ணெய் காயுது, கறியைப் போடுங்க."

எர்காஷ் அகப்பையைக் கீழே வைத்தார். மஸ்தூரா கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றினாள். கல்லாகிப்போன ரொட்டியை எடுத்து அதில் முக்கி, ஊறும்வரை பிடித்திருந்தாள். பிறகு, மகனின் பல்தடத்தின் மேலேயே வாயை வைத்துக் கடித்தாள்.