துபாஷியாரின் வாயில் இருந்தவர்கள்

மாதாகோயில் கிணற்றடியில் நின்று அவர் வாய் கொப்பளிப்பதுதான் முதலில் என் நினைவுக்கு வருகிறது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் முடிந்து கடைசி ஆள் வெளியேறியதும் துபாஷியார் நேராகக் கிணற்றுக்கு வருவார். ஒரு வாளி நீர் இறைத்து, கை நிறைய அள்ளி வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நிற்பார். பிறகு துப்புவார். மறுபடி அள்ளுவார். வெற்றிலைகூடப் போடாத மனிதர் எதைக் கழுவுகிறார் என்று புதிதாக வந்த எனக்கு விளங்கவில்லை.

நான் சொல்லப்போவது மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த ஆண்டில், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் நடந்தது. இதை அதற்குப் பிந்தைய ஆண்டு என்று சொல்பவர்கள் உண்டு, தவறு. துபாஷியாரை அடக்கம் செய்தபோது எங்கள் ஊர் எந்த மாநிலத்தில் சேரும் என்று எங்களுக்கே நிச்சயமில்லை. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் இருவர் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். புளி உலுக்கும் மாதம் அது.

ஓசூருக்கும் தளிக்கும் நடுவே, மேட்டின்மேல் ஓட்டுக்கூரை போட்ட சிறிய கோயில். அதை ஒட்டிய பள்ளியில் பாடம் சொல்லித்தரக் கும்பகோணத்திலிருந்து வந்தவன் நான். கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. பங்குச் சாமியார் புதுச்சேரிப் பக்கத்துக்காரர், அவருக்கும் தெரியாது. பங்கு மக்களில் பாதிப்பேருக்கோ கன்னடத்தைத் தவிர வேறெதுவும் வராது. பாவத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மன்னிப்பில்லை. சொன்னாலும் சாமியாருக்குப் புரியாது. இப்படிப்பட்ட இடங்களில் மொழிபெயர்த்துச் சொல்ல நடுவில் ஒருவரை வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அப்படி நடுவில் இருப்பவரும் சாமியாரைப் போலவே, கேட்டதைச் சாகும்வரை வெளியே விடக்கூடாது. அந்த வேலையைச் செய்ததால்தான் அவருக்குத் துபாஷியார் என்று பெயர்.

அவரை அமர்த்திய பழைய சாமியார் ஒரு முறையையும் வகுத்துவிட்டுப் போயிருந்தார். ‘இவள் இப்படிச் செய்தாளாம்’ என்று சொன்னால் அது கோள் சொல்வது. பாவியின் வாயாகவே இருந்து சொன்னால்தான் அது பாவசங்கீர்த்தனம். ஆகவே துபாஷியார் எல்லாருடைய பாவத்தையும் தான் செய்ததாகவே சொல்வார். அவர்கள் தயங்கிய இடத்தில் தயங்குவார், விம்மிய இடத்தில் விம்முவார். கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் இருந்து பார்க்கும்போது, முழங்காலில் இருக்கும் பெண்ணின் முதுகு குலுங்கி ஓய்ந்த சற்று நேரத்தில் அவர் முதுகும் அதேபோல் குலுங்கும்.

ஒருமுறை கிணற்றடியில் கேட்டேவிட்டேன். அவர் வாயிலிருந்த நீரைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “வாய் என்னோடது மேஷ்ட்ரே, பேச்சு என்னோடதில்ல. அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப கண்ணை மூடினா, செஞ்ச கை தெரியுது. யார் கைன்னு உத்துப் பாத்தா, என் கை மாதிரியே இருக்குது.”

“உங்க பாவத்தைத் தனியா சாமியார்கிட்ட சொல்றீங்கல்ல?”

“சொல்றேன். அதுலயும் ஒண்ணு மட்டும் சொல்லல. சொல்லலாம்னு மண்டி போட்டா, எது என்னுதுன்னு தெரிய மாட்டேங்குது. வேற யாருதோ முந்திக்கிட்டு வந்துடுது. சாகறதுக்குள்ள அதைத் தேடி எடுத்துடணும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தத் தபசு காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஓசூர் டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மனைவி மக்கள் இல்லாதவர். கோயிலின் பின்புறத்து ஒற்றை அறையில் கிடந்தார். நினைவு தெளிவாக இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டு, “நீங்க உக்காருங்க மேஷ்ட்ரே. கன்னடம் தெரிஞ்சவங்க யாரையும் உள்ள விடாதீங்க. ஜுரம் ஏறினா வாய் என் பேச்சைக் கேக்காது” என்றார். புரியாதவன் என்ற ஒரே தகுதியில் அவர் தலைமாட்டில் இடம் பெற்றேன்.

மறுநாள் உச்சிவெயில் சாய்ந்தபோது சன்னி கண்டது. செய்தி தெரிந்து ஊர்க்காரர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். நான் கதவைச் சாத்தியிருந்தேன்; வெளியே குரல்தான் கேட்கும், சொல் பிடிபடாது. அவர் பேசத் தொடங்கினார். தமிழ் அடியோடு போய்விட்டது, கன்னடம் மட்டும். பேசியது அவரல்ல என்றுதான் எனக்குத் தோன்றியது. முதலில் மூக்கால் இழுத்துப் பேசும் ஒரு பெண்குரல். அது அறுந்ததும் பல்லில்லாத கிழவரின் குரல், நடுநடுவே வறட்டு இருமல். சன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் சட்டென்று எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே கேட்டது அவருடைய இருமல்.

ஒவ்வொரு குரலுக்கும் வாசலில் ஒருவர் தலைகுனிந்தார். பிறகு மிக மெல்லிய, நடுங்கும் குரல் ஒன்று வந்தது. அதற்கு யாரும் குனியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாலிபன், “எங்கம்மா” என்றான். அந்த அம்மாவைப் போன அறுவடையில் புதைத்திருந்தார்கள்.

சாமியார் ராயக்கோட்டைப் பக்கம் போயிருந்தவர், செய்தி கேட்டு வந்து சேர்ந்தார். நினைவு தப்பியவனுக்கு ஒன்றும் கேளாமலே பாவமன்னிப்புக் கொடுக்கலாம். அதற்கும் சட்டம் உண்டு. அவர் கையை உயர்த்தினார். துபாஷியார் அந்தக் கையைப் பற்றித் தள்ளினார். கண் திறந்துதான் இருந்தது. தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே மறுபடி வேறு யாருடைய குரலிலோ பேசினார். கிணற்றடியில் அவர் சொன்னதை நான் சாமியாரிடம் சொன்னேன்.

“இன்னும் தேடுறார்” என்றார் சாமியார். “சொல்லிட்டுத்தான் போவார். ஆனா எனக்கு யார் சொல்றது?”

துபாஷியாருக்கு ஒரு துபாஷி வேண்டியிருந்தது. வாசலில் இருந்தவர்களில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் அந்த நேரம் பார்த்து வண்டிமாட்டைத் தேடிப் போய்விட்டார். மற்றவள் பூக்காரம்மா. தினமும் ஓசூர்ச் சந்தையில் சாமந்தி விற்பவள். பூவோடு சேர்த்து ஊர்க்கதையையும் முழம் போட்டுத் தருவாள் என்று பெயர் வாங்கியவள்.

“நான் வர்றேன் சாமி” என்று எழுந்தாள்.

இருமல்காரக் கிழவர் பதறிப்போனார். “இவளா? இவ காதுல விழுந்தா நாளைக்கு ஓசூர் பூரா மணக்கும்!” அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், சாமியாருக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்.

“ஆமாய்யா, என் வாய் ஓட்டை வாய்தான். உங்க வாய் நல்லாத் தச்ச வாயாச்சே, நீங்க வந்து சொல்லுங்களேன்! சாமிக்குப் புரியற மாதிரி நாலு வார்த்தை வருமா?” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “தமிழ் வராத காலத்துல நான் சொன்னதும் அதுக்குள்ளதான்யா இருக்குது.”

சாமியார் வாசலுக்கு வந்தார். “உள்ள கேட்டதைச் செத்தாலும் வெளியில விடக்கூடாது. தெரியுமா?”

“தெரியும் சாமி.”

“இவங்களும் சம்மதிக்கணும். இவங்க சொன்னதெல்லாம் உன் காதுல விழும்.”

அதை அவள் கன்னடத்தில் சொன்னாள். மேட்டுக்குக் கீழே யாரோ புளிய மரத்தை உலுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மனிதர்கள் முன் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரி, சந்தைக்குப் போகிறவள், தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளைத் தெரிந்துகொள்ளப் போகிறாள். மறுத்தால் மானம் தப்பும். இத்தனை காலம் அதைச் சுமந்தவர் தன்னுடையதைச் சொல்லாமலே போவார். அம்மாவை இழந்த வாலிபன்தான் முதலில் பேசினான். “போக்கா. எங்கம்மாவுது இருந்தா இருக்கட்டும்.” பிறகு ஒரு பெண் தலையசைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கிழவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கதவை மறித்துக்கொண்டிருந்த தன் கால்களை மட்டும் மடக்கிக்கொண்டார்.

அவள் உள்ளே போனாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இப்போது உள்ளே தமிழ் பேசப்படும். வாசலில் அதை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆகவே தப்பித்தவறிக்கூட ஒரு சொல் காதில் விழாத தூரம்வரை நடந்து போய் வேப்பமரத்தடியில் நின்றேன். குரல்களின் ஏற்ற இறக்கம் மட்டும் வந்தது. அவருடைய குரல் மாறிக்கொண்டே இருந்தது. பின்னாலேயே அவளுடையது, சாமந்திக் கூடைக்காரியின் குரலாக இல்லாமல், ஒவ்வொரு தடவையும் வேறாக. வாசலில் இருந்தவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

பொழுது சாயத் தொடங்கியபோது ஒரு புதிய குரல் எழுந்தது. அவசரமில்லாத, சற்றே சங்கோசப்படும் குரல். வாசலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் தலைகுனியவில்லை. செத்துப்போனவர்களில் யாரென்றும் எவரும் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு அங்கே உரிமையாளர் இல்லை. ஏதோ ஒரு நொடியில் எல்லாருக்கும் அது புரிந்திருக்கவேண்டும். ஒருவர் பின் ஒருவராக முழங்காலில் நின்றார்கள். அது சிறிது நேரமே பேசியது. அதற்குப் பிறகு சாமியார் லத்தீனில் சொன்ன பாவமன்னிப்பு. அதற்கு யாரும் நடுவில் இருக்கவேண்டியிருக்கவில்லை.

பூக்காரம்மா வெளியே வந்தாள். யார் முகத்தை முதலில் பார்ப்பாளோ என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். அவள் தரையைப் பார்த்தபடி கன்னடத்தில் சொன்னாள். பின்னர் நான் கேட்டபோது தமிழில் சொல்லிக் காட்டினாள்: “போயி மாட்டைக் கட்டுங்க. உள்ள சொன்னது பூரா நான் பண்ணதுன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓசூரிலேயே குடியிருக்கிறேன். தொழிற்சாலைகளுக்காக எங்கெங்கிருந்தோ வந்த மக்கள்; கோயிலில் அவரவர் மொழியில் பூசை, அவரவர் மொழி தெரிந்த சாமியார். யாருடைய பாவமும் இன்னொருவர் வாய் வழியே போகவேண்டியதில்லை. நல்லதுதான். ஆனாலும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போது, அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் நான் பார்த்ததுதான் கண்முன் வருகிறது. துபாஷியாரின் இடத்தில் பூக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் யாரும் அவளருகில் போகவில்லை. கடைசியில் அந்தக் கிழவர்தான் எழுந்து போய் மண்டியிட்டார். அவர் பேசப் பேச அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரிடத்தில் அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் வெளியே வராமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அழுகுரல் அவளிடமிருந்து வந்தது.