ஊதாத் தொப்பியில் ஒரு பூ

சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் இருபத்து நாலு வருஷமாகக் கண்டக்டராக இருக்கும் நேசகுமார் பார்த்த மொட்டைத் தலைகளுக்கு அளவே கிடையாது. மலையில் முடி கொடுத்துவிட்டுச் சந்தனம் காய்ந்த தலையோடு ஏறும் ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். எந்தத் தலையையும் அவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அன்று சொந்த வீட்டுச் சமையலறை வாசலில் ஒரு மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவர் தோள் பையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். அது அவர் மனைவி ஜெபமணியின் தலை.

மார்பில் கட்டி. திருப்பதி ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி போட்டு வந்த பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மிச்சத்தை அவளே மழித்துக்கொண்டாள். இது தெரிந்தவர்கள் வீட்டில் இருந்த மூன்று பேர்தான்: அவர், அவள், மகள் ஜெமிமா.

பன்னிரண்டு நாளில் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அன்று வேதக்கோயிலில் ஜெமிமாவின் கல்யாண ஓலை முதல் முறையாக வாசிக்கப்படும். இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் சபை நடுவே கேட்பார். அதைக் கேட்க மாப்பிள்ளை கிளாட்வினின் அம்மா பிரேமலதா நாயுடுபேட்டையிலிருந்து வருகிறாள். வியாதியைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தை கூடத் தெரியாது.

"எங்கப்பா சபை உபதேசியார். மொட்டையப் பாத்தா, அவரு மகளே மலைக்குப் போய் முடி குடுத்துட்டான்னு சபையே பேசும். வியாதின்னு சொன்னா, நாளைக்கு பொண்ணுக்கும் வரும்னு அந்தம்மா கல்யாணத்தையே நிறுத்திடும். நான் வர்ல. காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள் ஜெபமணி.

ஓலை வாசிக்கும் நாளில் பெண்ணைப் பெற்றவள் வராவிட்டால் அதைவிடப் பெரிய பேச்சு எழும் என்று நேசகுமாருக்குத் தெரியும். கோயிலில் எப்படியும் முக்காடு போடுவாய், யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் கண்ணாடி முன் நின்று முந்தானையைத் தலையில் போட்டாள். வழுவழுத்த தலையில் நிற்காமல் அது தோளில் விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது. நாலாவது முறை விழுந்தபோது கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ஒரு தொப்பி இருந்தால் புடவை நிற்கும். கடைக் கம்பளித் தொப்பியோ ஊசி போட்டு வெந்த தோலில் முள்ளாகக் குத்தியது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண் பருத்தி நூலில் பின்னிய மெத்தென்ற தொப்பி போட்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் திருப்பதியில் ஒரு குரோஷா ஊசியும், ஜெபமணியின் புடவைக்குப் பொருத்தமாக மூன்று கண்டு சந்தனக் கலர் நூலும் வாங்கினார்.

கற்றுக்கொடுத்தது கைபேசி. பஸ் திருப்பதியில் நிற்கும் நாற்பது நிமிஷம்தான் பள்ளிக்கூடம். வீடியோவில் ஒரு அம்மாள் தெலுங்கில் சொல்லச் சொல்ல, கடைசி சீட்டில் உட்கார்ந்து அவர் பின்னினார். நடுவில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும். உச்சந்தலை அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் தானாகக் கீழே மடங்கிக் கிண்ணமாகும்.

அவருடையது கிண்ணமாகவில்லை. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. பிரித்துப் பின்னினார், மறுபடி நெளிந்தது. எண்ணும்போதெல்லாம் ஒரு கண்ணி குறைந்தது. குறைகிறதே என்று ஒன்று சேர்த்தார். மூன்று நாள் இப்படியே போயிற்று.

டிரைவர் முனிசாமி எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணா, சாமியார் ஜடை மாரி கீது. யாருக்கு?"

நேசகுமார் தலை நிமிர்ந்தார். அவர் கண்ணைப் பார்த்த முனிசாமிக்குக் கேலி போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் எண்ணுவதையே கவனித்தான்.

"பஸ்ஸுல ஆள் எண்ணும்போது உன்ன விட்டுட்டுத்தானே எண்ணுவ?"

"ஆமா."

"இதுலயும் அப்டித்தான் எண்ணிக்கினு கீற. மொதல் கண்ணிய விட்டுட்ட. அதுவும் டிக்கெட்டுதான் அண்ணா."

இருபத்து நாலு வருஷப் பழக்கம் விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே பிரித்தார். இந்த முறை வட்டம் தட்டு மாதிரி படிந்தது; பிறகு மடங்கிக் கிண்ணமாயிற்று.

வியாழக்கிழமை காலை தொப்பி முடிந்தது. ஜெபமணி அதைப் போட்டுக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதே என்று பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு, மறந்துபோய், கொல்லைப் பக்கம் துணி எடுக்கப் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ரத்னம்மா நின்றிருந்தாள். நல்லவள், பத்து வருஷமாகப் பக்கத்து வீடு.

"எப்போ மலைக்குப் போய்ட்டு வந்தீங்க? சந்தனம் கூட காயல. ஒரு லட்டு குடுக்கக் கூடாதா?"

ஓடி வந்த ஜெபமணி தொப்பியைக் கழற்றிக் கணவர் மடியில் போட்டாள். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சந்தனக் கலர். பத்தடி தள்ளி நின்றால் சந்தனம் பூசிய மொட்டை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, தினம் நூறு பேரைப் பார்த்தவருக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று? எதை மறைக்க வேண்டுமோ அதையே தன் கையால் பின்னி அவள் தலையில் வைத்திருக்கிறாரே!

இனி கோயில் பேச்சே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடுவில் இருந்தது இரண்டே நாள். அன்று திருப்பதியில் இறங்கியதும் நேரே கடைக்குப் போய், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தலை என்று நினைக்க முடியாத கலர் வேண்டும் என்று கேட்டார். நல்ல அடர்ந்த ஊதா. வெள்ளியும் சனியும் மத்தியானச் சாப்பாட்டை விட்டார். கட்டை விரலில் ஊசி குத்திக் குத்தித் தோல் உரிந்தது. விளிம்பில் முந்தானை பிடித்து நிற்கச் சிப்பி சிப்பியாக ஒரு வரிசை பின்னினார். அப்புறம் அவர் மனசுக்கு என்ன தோன்றியதோ, ஐந்து இதழில் ஒரு பூ.

ஞாயிறு காலை ஏழரைக்கு அந்தப் பூவைத் தொப்பியின் காதோரம் தைத்துக்கொண்டிருந்தபோது, காளஹஸ்தி தாண்டிவிட்டோம் என்று பிரேமலதாவிடமிருந்து போன் வந்தது. ஜெமிமா அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். நேசகுமார் தொப்பியை ஜெபமணியிடம் நீட்டினார். அவள் விரலால் பூவைத் தொட்டாள்.

"முக்காட்டுக்குள்ள இருக்கப் போவுது. பூ எதுக்கு?"

"முடிதான் போச்சி. தல இருக்குதில்ல? ஞாயித்துக்கிழம பூ வெக்காம நீ எப்போ கோயிலுக்கு வந்த?"

அவள் எழுந்து புடவை கட்டப் போனாள்.

கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நேசகுமாரின் கண் அந்த முக்காட்டை விட்டு நகரவில்லை. மேலே மின்விசிறி சுழன்றது. முந்தானை படபடத்தது. ஆனால் வழுக்கவில்லை, சிப்பி விளிம்பு பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பக்கத்திலேயே பிரேமலதா. போதகர் ஓலையை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று நிறுத்தினார். யாரோ இருமினார்கள்.

அப்போது ஜெபமணியின் கை மேலே போயிற்று. முக்காடு விழவில்லை. அவளேதான் அதை எடுத்துத் தோளில் விட்டாள். ஊதாத் தொப்பியும், காதோரம் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்த பூவும், அதற்குக் கீழே முடியே இல்லாத பிடரியும் சபைக்கெல்லாம் தெரிந்தன. அவள் தலை குனியவில்லை. பிரேமலதா திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆராதனை முடிந்து வாசலில் பிரேமலதா அவர்களை நிறுத்தினாள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி ஆயிற்று, கடைசி ஊசி எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் கடைசி ஊசி என்று நேசகுமார் சொன்னபோது அவள் முகம் இறுகியது.

"அப்போ அந்தத் தேதியில கல்யாணம் வேணாம் அண்ணா."

ஜெமிமா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜெபமணியின் கண் மூடியது.

"ஊசி போட்டு நாலே நாள்ல அண்ணி எப்டி நிப்பாங்க? ஒரு மாசம் தள்ளி வெச்சிக்கலாம். எங்கிட்ட மறைச்சீங்களே, அதுக்குத்தான் எனக்குக் கோவம். அத அப்புறம் பேசிக்கறேன்" என்ற பிரேமலதா, கைநீட்டி அந்தக் கோணல் பூவை நிமிர்த்தி வைத்தாள். "யாரு பின்னுனது இது?"

ஜெபமணி கணவரைக் காட்டினாள்.

"கல்யாணத்துக்கு நான் ஊதாப் பொடவ எடுத்து வெச்சிட்டேன். ரெண்டு சம்பந்தியும் ஒரே கலர்ல நின்னா பேண்டு செட்டு மாரி இருக்கும். வேற கலர்ல ஒண்ணு போடுங்க அண்ணா."

நேசகுமாருக்குக் கண் மறைத்தது. கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டார். கையோடு வந்தது குரோஷா ஊசி.