தெருவிலேயே பெரிய ஏழை

என் தங்கை புருஷனை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மடிப்பு என்றால்தான் தெரியும். இஸ்திரி போடுகிறவர். அவர் தேய்த்துக் கொடுத்த சட்டையில் கை மடிப்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். எனக்கு மட்டும் அவர் மாப்பிள்ளை. அவர் கடை போட்டிருந்த சுவருக்கு நேர் எதிரே என் பஞ்சர் கடை. அதனால் அவர் பிழைப்பில் மண் விழுந்ததை முதலிலிருந்து கடைசிவரை பார்த்த பாவி நான். எங்கள் தெருவை முன்னேற்ற வந்தவர்கள் இதை வேறு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் எழுத்தில் நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம்.

மாப்பிள்ளை இளவயதில் ஊர் எல்லையில் இருந்த துணிக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருந்தார். அந்தக் கம்பெனியை வருந்தி வருந்தி அழைத்து வந்தது அரசாங்கம். வரி கட்ட வேண்டாம், நிலத்துக்கு வாடகை வேண்டாம், தண்ணீர் சும்மா தருகிறோம், நீங்கள் வந்தால் போதும் என்றார்கள். வந்தார்கள். சலுகைக் காலம் முடிந்ததும் மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு, எங்களைவிடப் பெரிய இளிச்சவாயர்கள் இருக்கிற நாட்டுக்குப் போய்விட்டார்கள். போகிற அன்றைக்கு ஆளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். என் தங்கை அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்துப் போட்டிருக்கிறாள்.

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காருகிற ஜாதி இல்லை மாப்பிள்ளை. பழைய கரி இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கினார். அரசாங்க விடுதிச் சுவர் ஓரமாக ஒரு பலகை மேஜையைப் போட்டு, மேலே கம்பளியை நாலாக மடித்து விரித்தார். பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். காலையில் போகும்போது துணியைக் கொடுப்பார்கள், சாயங்காலம் திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். விடுதியில் தங்குகிற ஆபீசர்களின் துணிகளும் அவரிடம்தான் வரும். முதலில் காலர், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் கை. அந்த வரிசையை ஒரு நாளும் மாற்ற மாட்டார். சாயங்காலம் கடைசித் துணி முடிகிறவரை பெட்டிக் கரியை அணைக்கவும் மாட்டார். அவசரம் என்று யாராவது கத்தினால், "அப்ப கசங்கினதப் போட்டுக்கிட்டுப் போங்க" என்பார். அப்படியும் கூட்டம் வரும். ஒற்றை அறை வீடு, மழைக்கு ஒழுகும், ஆனாலும் அடுப்பு எரிந்தது. யாரிடமும் கை நீட்டாமல் எரிந்தது.

இந்த நிலையில்தான் தெரு முன்னேற்றத் திட்டம் வந்து சேர்ந்தது. வந்ததும் முதல் வேலையாகச் சுவர் ஓரத்தில் பிழைக்கிறவர்களை எல்லாம் அப்புறப்படுத்தி, பளபளவென்று கல் பதித்து நடைபாதை போடப் போவதாகச் சொன்னார்கள். அதில் யாரும் மேஜை போடக் கூடாது. போட்டால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பிழைப்பு போகிறவர்களுக்கு? அதற்கும் ஏற்பாடு உண்டாம். தகரத்தில் செய்த பெட்டிக்கடை ஒன்று இலவசம். ஒன்று என்றால் தெருவுக்கே ஒன்று. ஏன் ஒன்றுதான் என்று நான் கேட்டேன். மீதிப் பணம் திட்டத்தைப் பற்றி எங்களுக்கு விளக்குவதற்கே சரியாகிவிட்டதாம். அடேங்கப்பா! விளக்கம் மட்டும் வாரா வாரம் நடந்தது.

அந்த ஒற்றைக் கடை தெருவிலேயே மிகவும் ஏழைக்குத்தான். அந்த ஏழை யார் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், தெருவே கூடி உட்கார்ந்து சொல்ல வேண்டும். இதற்கு ஒரு முறை இருப்பதாகவும், அது உலகம் முழுக்க நடப்பதாகவும் திட்ட ஆபீசர் சொன்னார். இளவயசுப் பையன்தான், விடுதியில் தங்கியிருந்தான். நாலு பேர் முன்னால் நம் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டி, இவன் எவ்வளவு பஞ்சை என்று நாமே ஓட்டுப் போட வேண்டும். நல்ல முறை. இந்த ஆபீசர் வீட்டுத் தெருவில் இப்படி ஒரு கூட்டம் போட்டு, அவன் மாமனாரை நிற்க வைத்து ஏழையா என்று கேட்டுப் பார்க்கட்டுமே.

கூட்டத்தன்று காலையில் தங்கை வீட்டில் ஒரே சண்டை. சத்தம் கேட்டு நான் போனேன்.

"ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு வேற சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்களேன்," என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இதுவே பழசுதான். காலர் கிழிஞ்சு திருப்பித் தைச்சது."

"பழசுதான். தேய்ச்சு வச்சிருக்கீங்களே! பாக்கறவனுக்குப் பழசுன்னு தெரியுமா?"

"இந்தா, நான் இஸ்திரிக்காரன். நான் கசங்கின சட்டையோட தெருவுல நின்னா நாளைக்கு எவன் என்கிட்ட துணி குடுப்பான்?"

"கடை கெடைக்கலேன்னா நாளைக்குத் துணி வாங்கி எங்க வச்சுத் தேய்ப்பீங்க? அண்ணே, நீயாவது சொல்லேன்!"

நானும் சொன்னேன். "மாப்பிள்ளை, அவ சொல்றதுல தப்பில்ல. எதிர்த்தாப்புல எல்லாரும் கந்தலைத் தேடி எடுத்துக்கிட்டிருக்காங்க."

"எடுக்கட்டும் மச்சான். நான் எங்க இருக்கேன், என்ன தின்றேன்னு இந்தத் தெருவுக்குத் தெரியாதா? சட்டையப் பாத்தா முடிவு பண்ணப் போறாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த மனுஷன் எங்கள் தெருவை நம்பினார்.

விடுதி முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் பெரிய தாளில் மூன்று வட்டம் போட்டிருந்தார்கள். ஏழைகள், சமாளிப்பவர்கள், நிலைத்து நிற்பவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. அட்டையை எந்த வட்டத்தில் வைப்பது என்று கூட்டம் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் தெருப் பெண்கள் காதிலும் கழுத்திலும் ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் வந்திருந்தார்கள். நன்றாக நடக்கிறவன் நொண்டினான். எல்லாருக்கும் மேலே மாடி வீட்டுக்காரர். செங்கல் சூளை வைத்திருக்கிற மனுஷன், வெள்ளையடிக்கும்போது போடுகிற ஓட்டை பனியனைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கருமம்!

"நீங்கதான் முடிவு பண்ணணும். நாங்க சும்மா உதவிக்கு," என்றான் ஆபீசர். அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை விறைப்பாக நின்றது. காலையில்தான் மாப்பிள்ளை தேய்த்து அனுப்பியிருந்தார்.

மாப்பிள்ளை அட்டை வந்தது. காய்கறிக்கார அம்மா மட்டும், "அவரு கஷ்டப்படறவருதான்யா," என்றாள். ஆபீசர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தான். கையிலிருந்த தாளைப் புரட்டினான்.

"ஆடையின் நிலைன்னு ஒரு குறியீடு இருக்கு. அந்தக் கணக்குல பாத்தா இவரு..." என்று இழுத்தான்.

மாடி வீட்டுக்காரருக்கு வாய் வந்துவிட்டது. "அவருக்கு என்ன சார் குறை? நாங்கள்லாம் எப்படி வந்திருக்கோம், அவரு எப்படி வந்திருக்காரு பாருங்க. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போற மாதிரி!"

கூட்டம் சிரித்தது. பல வருஷமாக அவரிடம் துணி கொடுத்து வாங்கியவர்கள்தான். காய்கறிக்கார அம்மாவைத் தவிர ஒருத்தராவது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்ல வேண்டுமே! அவர் ஒருத்தர் விலகினால் தங்களுக்கு ஒரு படி கிட்டே என்று ஒவ்வொருத்தரும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூ, இதுவும் ஒரு தெரு.

"ஐயா, நீங்களே சொல்லிடுங்க. நீங்க ஏழையா?" என்று கேட்டான் ஆபீசர்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "நான் இஸ்திரி போடறவன் சார்."

"அது தெரியுது. ஏழையா இல்லையா?"

தங்கை பின்னாலிருந்து "ஆமான்னு சொல்லுங்களேன்" என்று முணுமுணுத்தாள். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

"இதுவரைக்கும் யார் கையையும் எதிர்பாத்து நான் இருந்ததில்ல சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்ல பதில்!" என்று ஆபீசர் அட்டையைக் கொண்டுபோய் நிலைத்து நிற்பவர்கள் வட்டத்தில் வைத்தான். நான் எழுந்து கத்தினேன். அவர் வீட்டுக்கு வந்து பார், கூரையைப் பார், சட்டையைத் திருப்பிப் பார் என்றேன். உறவுக்காரர்கள் பேசினால் பாரபட்சம் ஆகிவிடும், உட்காருங்கள் என்றான். பஞ்சர் கடைக்காரனுக்கு அவனிடம் அவ்வளவுதான் மரியாதை.

கடை யாருக்குப் போனது என்று சொல்லவும் வேண்டுமா? மாடி வீடு பெண்டாட்டி பேரில் இருக்கிறதாம், சூளை மகன் பேரில் இருக்கிறதாம். தாளில் பார்த்தால் அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் ஓட்டை பனியனைத் தவிர ஒன்றுமே சொந்தமில்லை.

சீக்கிரமே கல் பதித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மேஜை இருந்த அதே இடத்தில் பச்சைத் தகரக் கடையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளை மேஜையை வீட்டுச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு ஓடுகிறவன் சந்துக்குள் நுழைந்து வந்து துணி கொடுப்பானா? என் தங்கை மூட்டு வலியோடு வீடு வீடாகப் போய் வாங்கி வந்து பார்த்தாள், முடியவில்லை. என் கடையில் ஒரு மூலை தருகிறேன் என்றேன். அங்கே எண்ணெயும் கிரீஸும். முதல் நாளே ஒரு வெள்ளைச் சட்டை பாழ். மாடி வீட்டுக்காரர் கடையைத் திறக்கவே இல்லை. அவருக்கு அதில் என்ன வேலை? கடைசியில் அவரே ஆள் அனுப்பினார். வாடகை கொடுத்தால் அங்கேயே நின்று தேய்த்துக்கொள்ளலாமாம்.

"மச்சான், கோவப்படாதீங்க. அவளால இனிமே நடக்க முடியாது," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போய்ச் சாவியை வாங்கி வந்தார். நிற்க ஓர் இடம் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. தான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கே வாடகை! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று வந்த டியூப்களை எல்லாம் கன்னாபின்னாவென்று ஒட்டி அனுப்பினேன்.

அந்தக் கடைக்கு வருகிற துணியை வைத்துத்தான் தங்கை வீடு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் வந்தது கேடு. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா, முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க வந்தார்கள். ஆபீசர் கூடவே ஓடி வந்தான். மாடி வீட்டுக்காரர் கடை முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார். "இவருதான் மேடம் பயனாளி. ஒருத்தருக்கு வேலை குடுக்கற அளவுக்கு இன்னிக்கு உயர்ந்துட்டாரு," என்று ஆபீசர் மாப்பிள்ளையைக் கையால் காட்டினான். அவனுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

அந்த அம்மா நல்ல மாதிரிதான். மாப்பிள்ளை பக்கம் குனிந்து, "உங்க முதலாளி உங்களை நல்லாப் பாத்துக்கறாரா?" என்று கேட்டார்கள்.

நான் எதிர்ப்பக்கம் சக்கரத்தைக் கையில் பிடித்தபடி எழுந்துவிட்டேன். பேசாமல் தலையை ஆட்டிவிடுங்கள் மாப்பிள்ளை என்று மனசுக்குள் வேண்டினேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கு முதலாளி கெடையாதும்மா. இந்தத் தொழில் என்னோடது. இவரு வாடகை வாங்கறவரு."

"சும்மா தமாஷ் பண்ணுவாரு மேடம்," என்று மாடி வீட்டுக்காரர் இளித்தார். அந்த அம்மா இளிக்கவில்லை. ஆபீசரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். உள்வாடகைக்கு விட்டால் விதிமீறல். விதிமீறல் என்றால் கடைக்குச் சீல். அவ்வளவு வேகமாக அவர்கள் ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை துணி மூட்டையையும் பெட்டியையும் வெளியே எடுத்து வைப்பதற்குள் பூட்டும் அரக்கும் வந்துவிட்டன. மாடி வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம்? தோளை உதறிக்கொண்டு சூளைக்குப் போய்விட்டார்.

"எனக்கு ஒரு மூலை மட்டும் விட்டுருங்க சார். நாள் பூரா வேணாம், காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்," என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நடைபாதையில எதுவும் வைக்கக் கூடாதுங்களே," என்றான் ஆபீசர். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. "நீங்க அந்தச் சட்டைக்காரர் இல்ல? அன்னிக்கே ஏழைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பிரச்னையே வந்திருக்காதே!"

"அன்னிக்கு நான் ஏழை இல்ல சார். எனக்குத் தொழில் இருந்துச்சு," என்றார் மாப்பிள்ளை. "இப்பத்தான் ஆகியிருக்கேன். வேணும்னா இப்ப எழுதிக்குங்க."

பார்க்கலாம், அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே அவன் காரில் ஏறினான். என் தங்கை துணி மூட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாப்பிள்ளை தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரை ஒரு குவளை மொண்டு, பெட்டியைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த கரி மேல் ஊற்றினார். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.