முப்பத்தெட்டு வைரஸும் லீலாவதியும்

லீலாவதியும் மகள் சுபாஷிணியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டுக் கம்ப்யூட்டரில் குடியேறிவிட்ட ஒரு போலி ஆன்டிவைரஸை வெளியேற்றியதுதான். 2009 ஜூலை 18, சனிக்கிழமை. டெல்லி கிழக்கு கிட்வாய் நகரில், அரசு குவார்ட்டர்ஸின் முதல் மாடி வீடு. பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு எழுந்தார்கள்.

சுபாஷிணிக்கு குர்கானில் வேலை. ஒரு கம்பெனியின் அறுநூறு கம்ப்யூட்டர்களும் ஒழுங்காக ஓடுவதற்கு அவள் பொறுப்பு. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருவாள். அன்று காலை ஏழு மணிக்கே அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ஏட்டி, இன்னைக்கு வெள்ளனவே வா. கம்ப்யூட்டர் எதையும் தொறக்க விட மாட்டேங்கு."

"க்யா ஹுவா மா? என்ன சொல்லுது?"

"முப்பத்தெட்டு வைரஸ் இருக்காம். ஒம்பது நாளா அதையேதான் சொல்லுது."

"ஒம்பது நாளா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அங்க அறுநூறைக் கட்டி மாரடிக்கே. இதையும் ஏன் உன் தலையில வைக்கணும்னு இருந்தேன். இன்னைக்கு லிஸ்ட் வேணுமே. ஊர்ல இருந்து ஒரு பிள்ள வந்து உக்காந்திருக்கா. ஜல்தி வா."

லிஸ்ட் என்றால் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல். நானூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லோரும் டெல்லித் தமிழர்கள். பெயர், ரத்த வகை, போன் நம்பர், வீட்டு முகவரி, கடைசியாகக் கொடுத்த தேதி. கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. ஊரில் கைவிரித்துவிட்ட நோயாளிகள் ரயிலேறி அங்கே வருவார்கள். கூட வருகிறவர்களுக்கு ஹிந்தியும் தெரியாது, ஆளும் தெரியாது. ரத்தம் கொடுக்க நாலு பேரைக் கூட்டி வா என்று சொன்னால் திகைத்து நிற்பார்கள். யாராவது லீலாவதியின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புவார்கள்.

அந்த வேலையை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. 1998இல் அவளுடைய கணவர் பாலசுப்ரமணியத்துக்கு வயிற்றில் ரத்தப்போக்கு. காலையில் இரண்டு பாட்டில் கேட்டார்கள். ஆள் பிடித்துக் கொண்டுவருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் மத்தியானமே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், துக்கம் கேட்க வந்தவர்களிடம் லீலாவதி ஒரு நோட்டை நீட்டி ரத்த வகையை எழுதச் சொன்னாள். நோட்டு நிரம்பி, 2004இல் நேரு பிளேஸில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு மாறியது.

சுபாஷிணி வந்து சேர்ந்தபோது கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு பெண் மணிபர்ஸை இறுக்கிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். பொன்னம்மாள், சங்கரன்கோவில் பக்கம். கணவன் வடிவேலுக்குத் திங்கட்கிழமை காலை இதய வால்வு ஆபரேஷன். நாலு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும், அதில் ஒருவராவது பி நெகட்டிவாக இருக்க வேண்டும். ஞாயிறு மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் தேதி நவம்பருக்குப் போய்விடும். நவம்பர் வரை அவர் தாங்குவாரா என்று அவள் டாக்டரைக் கேட்டிருக்கிறாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம்.

திரையில் ஒரு சிவப்புக் கேடயம் துடித்துக்கொண்டிருந்தது. பட்டியலை இரண்டு முறை தட்டினாள் சுபாஷிணி. அது திறக்கவில்லை. இந்த நிரலிலும் வைரஸ் இருக்கிறது, திறக்க முடியாது, உடனடியாகப் பணம் கட்டி முழுப் பாதுகாப்பு பெறவும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது.

"யக்கா, பெட்டிக்கும் சீக்கா?" என்றாள் பொன்னம்மாள்.

"சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. வைத்தியன்தான் சரியில்லாத மாதிரி தெரியி" என்றாள் லீலாவதி.

"மா, கார்டு நம்பர் கேட்டிருக்குமே. எதுவும் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எந்தக் கார்டு? உன்கிட்டதான் கிரெடிட் கார்டே கிடையாதே?"

"சி.ஜி.எச்.எஸ். கார்டு நம்பர்."

அது மத்திய அரசு ஊழியர்கள் டிஸ்பென்ஸரியில் மருந்து வாங்கக் காட்டுகிற அட்டை.

"வைரஸ்ங்கான், வைத்தியம் பண்ணுதேங்கான், கார்டு கேக்கான். வேற எந்தக் கார்டைக் குடுக்க? மூணு தடவ போட்டேன், ஒத்துக்கல. அதுல இருந்துதான் எனக்குச் சந்தேகம்."

சுபாஷிணி நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். லீலாவதிக்குக் கோபம் வரவில்லை. அவள் உள்ளே போய் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்துவந்து மகளின் மடியில் வைத்தாள்.

முப்பத்து மூன்று வருடங்களாக அவள் ஒரு அமைச்சகத்தில் தபால் வாங்கிப் பதிகிற செக்‌ஷனில் இருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் பரீட்சை எழுதி வந்து சேர்ந்த அதே செக்‌ஷன். வருகிற எந்தக் காகிதத்துக்கும் தேதி, நேரம், வரிசை எண், யாரிடமிருந்து, என்ன விஷயம் என்று பதியாமல் மேஜையைத் தாண்ட விடமாட்டாள். 1991இல் ஒருவருக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல் என்று ஓர் உத்தரவு வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். அவள் மட்டும் வாங்க மறுத்தாள். அனுப்பிய அலுவலகத்தின் எண் 2214 என்று போட்டிருந்தது. முந்தின நாள் அதே அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தின் எண் 1876. ஒரே நாளில் முந்நூற்றுச் சொச்சம் கடிதம் அனுப்புகிற ஆபீஸ் அது இல்லை. விசாரித்தார்கள். வேண்டாதவன் ஒருவன் செய்த வேலை என்று தெரிந்தது.

அப்படிப்பட்டவள், வீட்டில் திரையில் வந்த அறிவிப்புகளையும் தபாலாகவே எடுத்துக்கொண்டு, ஒன்பது நாளும் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தாள். முதல் பதிவு: ஜூலை 9, காலை 7.25. சமையல் குறிப்பு தேடும்போது வந்தது. 38 வைரஸ். 'நீக்கு' என்று இருந்த இடத்தில் அமுக்கப்பட்டது. பத்தாம் தேதி 38. பன்னிரண்டாம் தேதி 38. பதினைந்தாம் தேதி 38.

"பாத்தியா?" என்றாள் லீலாவதி. "வைரஸ்னா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இது கல்லு மாதிரி அப்படியே நிக்கி. பழைய ஆன்டிவைரஸ் முழுசாப் பாத்து முடிக்கதுக்குள்ள சோறு, கொழம்பு, பொரியல் எல்லாம் முடிச்சிருவேன். இவன் நாப்பது செகண்ட்ல பாத்துட்டேங்கான். அனுப்புனவன் அட்ரஸ் கிடையாது. எந்த வரியப் பாத்தாலும் 'உடனடி'. என் செக்‌ஷனுக்கு வந்திருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்."

"வாங்கிட்டியே மா!"

"நாள்முழுக்க ஆபீஸ்ல 'உடனடி'ன்னு போட்டதெல்லாம் உடனே பாத்துப் பாத்து கைக்கு அதே பழக்கமாப் போச்சு. படிக்கதுக்கு முன்னாடி அமுக்கிட்டேன். தப்புதான். பதிஞ்சிருக்கேன்."

சுபாஷிணி பையிலிருந்து புதிய பென் டிரைவ் ஒன்றை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பொன்னம்மாளைக் கிழிக்கச் சொல்லி, அதைக் கம்ப்யூட்டரில் செருகினாள். உள்ளே ஒரு கோப்புகூடக் கிடையாது. சிவப்புக் கேடயம் சோதித்துவிட்டு அதில் ஆறு வைரஸ் இருப்பதாக அறிவித்தது.

"நக்லி" என்றாள் சுபாஷிணி. ஹிந்தியில் போலி என்று அர்த்தம். பொன்னம்மாளுக்கும் சொல்லாமலே புரிந்தது.

ஆளை அடையாளம் கண்டாயிற்று. வெளியேற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சுபாஷிணி முதலில் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரைத் தேவையான பகுதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடுக்குப் போனாள். பாதியிலேயே நீலத்திரை வந்து நின்றது. உள்ளே வந்தவன் அந்தக் கதவையும் உடைத்துவைத்திருந்தான். அவளிடம் இருந்த துப்புரவு நிரல்கள் எதையும் அவன் ஓட விடவில்லை. அவனுடைய கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கேடயம் மறுபடியும் எழுந்து துடித்தது.

பதினொன்றேமுக்கால் ஆகியிருந்தது. பொன்னம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரா இருக்காங்க மா. ஒருத்தனை அழிச்சா, ஒளிஞ்சிருக்கிற இன்னொருத்தன் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறான். அவன் பேர் தெரியாது. ஆயிரக்கணக்கான ஃபைல் இருக்கிற இடத்துல எங்கன்னு தேடறது?"

லீலாவதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பேரு எதுக்குட்டி? வந்த தேதி இருக்குல்லா. தேதியை வச்சுத் தேடு."

சுபாஷிணிக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அறுநூறு கம்ப்யூட்டர்களில் எதிலும், எது எப்போது உள்ளே வந்தது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அதனால் தோன்றவில்லை.

புதிதாகத் திறக்கிற நிரல்களைத்தான் அவன் தடுத்தான். கோப்பு தேடுகிற வசதி விண்டோஸோடு ஒட்டியது, அதில் அவன் கைவைக்கவில்லை. ஜூலை 9 அன்று உருவான கோப்புகள் என்று கேட்டாள். அறுபத்தொன்று வந்தன. நேரப்படி அடுக்கினாள். 7.25க்கு மூன்று. ஒன்று திரையில் இருந்த குறுக்குவழி. ஒன்று அவள் ஏற்கெனவே அழித்து, பழைய தேதியோடே திரும்ப முளைத்தது. மூன்றாவது விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு நடுவே, அர்த்தமில்லாத எட்டு எழுத்துப் பெயரோடு படுத்திருந்தது.

"அவன்தான்" என்றாள் லீலாவதி. "அழி."

"ஓடிட்டிருக்கிற நிரலை அழிக்க விடாது மா. ஆனா பேரை மாத்த விடும்."

இரண்டு கோப்புகளின் பெயரையும், பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வருகிற வாலையும் மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். திறக்கும்போது அந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டு போன கட்டளைகளுக்கு யாரும் அகப்படவில்லை. திரையில் வழக்கமான பச்சைப் புல்வெளி வந்தது. ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். கேடயம் வரவில்லை. சுபாஷிணி இரண்டையும் அழித்தாள், தொடக்கப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்கினாள், உண்மையான ஆன்டிவைரஸை முழுச் சோதனைக்குப் போட்டாள். அது ஆமை வேகத்தில் ஆரம்பித்தது.

"இதுதான் சரியான வேகம்" என்று லீலாவதி சான்றிதழ் கொடுத்தாள். பட்டியலைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். பொன்னம்மாளை அப்போதுதான் நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள்.

மூன்று பேர் அரை மணியில் கிடைத்துவிட்டார்கள். இரண்டு பேர் கிட்வாய் நகர், ஒருவர் கோல் மார்க்கெட். பி நெகட்டிவ்தான் இழுத்தது. பட்டியலில் ஐந்து பேர். இருவருக்கு மாற்றலாகி, போனை எடுத்தவர்கள் யாரோ. ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒருவருக்கு மஞ்சள் காமாலை. கடைசி ஆள் மோதி பாக் சுந்தரேஷ். அவருடைய மனைவி விஜயலக்ஷ்மி எடுத்தாள். அங்கே தமிழ்ப் பள்ளியில் டீச்சர்.

"அவர் டூர்ல போபால் போயிருக்காரே மேடம், புதன்தான் வருவார்."

லீலாவதி போனை வைக்கவில்லை. "சரி டீச்சர், உங்க ஸ்கூல்ல யாருக்காவது அந்த குரூப் உண்டா? உங்களுக்குத் தெரியாட்டாலும் கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே நிக்கேன்."

நின்றாள். அந்தப் பக்கம் செல்போனில் யார் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்து விஜயலக்ஷ்மி திரும்பி வந்தாள்.

"எங்க கணக்கு டீச்சர் இந்திராணி, பி நெகட்டிவாம். நாளைக்குக் காலைல வர்றேங்கறா. 'இத்தனை வருஷத்துல என்னை யாருமே கேட்டதில்லையே'ன்னு கோச்சுக்கறா மேடம்."

"கோவப்படட்டும், நியாயம்தான்" என்றாள் லீலாவதி. "லிஸ்ட்டுல இல்லாம எத்தன பேரு இப்படி இருக்காவளோ. உங்க ஸ்கூல்ல யாரெல்லாம் தருவாங்கன்னு பாத்து வைங்க. ஃபாரத்தோட நானே வாரேன். அடுத்த சனிக்கிழமை, பதினோரு மணி."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கொடுத்தார்கள். இந்திராணி தன் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை வடிவேலுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் பொன்னம்மாள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தாள். யக்கா யக்கா என்று மட்டும் சொன்னாள். லீலாவதி அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டு, திட்டி, சாப்பிடப் போகச் சொன்னாள்.

வியாழக்கிழமை, ஜூலை 23, மத்தியானத் தபாலைப் பதிந்துகொண்டிருந்தபோது லீலாவதி மேஜையிலேயே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தாறு. வெள்ளிக்கிழமை தகனம்.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு வீட்டுப் போன் அடித்தது. சுபாஷிணி எடுத்தாள்.

"லீலாவதி மேடம் கிளம்பிட்டாங்களா?" என்றாள் விஜயலக்ஷ்மி. "பதினோரு பேர் தேறியிருக்காங்க. யாரையும் வீட்டுக்குப் போக விடாம ஸ்டாஃப் ரூம்ல உக்கார வச்சிருக்கேன்."